பழைய பணிக்குத் திரும்பச் சொல்லி மேலாளர்கள் நெருக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கையாளும் பிரிவில் 6 ஆண்டுகள் இருந்துவிட்டு, கேட்டு வாங்கிக்கொண்டு அறிக்கை தயாரிக்கும் பிரிவுக்கு மாறியவன் நான். மாறிய 8ஆவது மாதத்தில், பழைய இருக்கைக்கே வந்துவிடுமாறு இரண்டு மேலாளர்கள் மாறி மாறிக் கேட்கத் தொடங்கினார்கள். முதல் முறை ஒப்புக்கொண்டேன்; மீண்டு வந்த பிறகு இரண்டாம் முறையும் கேட்டார்கள், அப்போது மறுத்தேன். அதை அறிந்த சக ஊழியர்களும் வேறு நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களும் அன்றிலிருந்து என்னிடம் கேட்டுவரும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் இடங்களில் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வேலைக்குத் திரும்பி வா என்றால், மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?

உங்களிடம் வந்திருப்பது வேண்டுகோளா, உத்தரவா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலாளர்கள் பெரும்பாலும் வேண்டுகோளாகத்தான் தொடங்குகிறார்கள்; ஆனால் அதைச் சொல்லும் தொனியில் கேட்பவருக்கு அது உத்தரவாகவே படுகிறது. வேண்டுகோளை மறுப்பதற்கு எந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவையில்லை. உத்தரவு என்றால், உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். “நிறுவனம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும்” என்பது போன்ற ஒரு வரி அதில் இருந்தால், உங்களை வேறு பணிக்கு மாற்றும் அதிகாரம் நிறுவனத்துக்கு ஓரளவு இருக்கிறது என்று பொருள். ஓரளவு என்று சொல்லக் காரணம், ஊதியத்தைக் குறைப்பது, பதவி நிலையைத் தாழ்த்துவது, வேலையின் தன்மையையே தலைகீழாக மாற்றுவது ஆகியவை அந்த ஒரு வரிக்குள் தாமாக அடங்கிவிடுவதில்லை என்பதுதான்.

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 23ஆவது பிரிவு, வேலையைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. சிலர் அதை எனக்கு அனுப்பி, இது போதாதா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்குள் எந்த இருக்கையில் அமர்வது என்பதை ஊழியரே முடிவுசெய்யலாம் என்ற பொருள் அதற்கு இல்லை. உங்கள் கையில் உள்ள நியமனக் கடிதமும், நீங்கள் புதிய பிரிவுக்கு மாறியபோது வந்த மின்னஞ்சலும் உங்களுக்கு அதைவிட அதிகமாக உதவும்.

அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை ஒரு காரணமாகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம், ஆனால் எடுபடாது. “பிடிக்கவில்லை” என்ற சொல்லைக் கேட்டதும், “பிடித்ததை மட்டும் செய்வதற்கா சம்பளம் வாங்குகிறோம்?” என்று மேலாளர் பதில் சொல்லிவிடுவார்; பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே எது பிடிக்கவில்லை என்பதைப் பிரித்து எடுங்கள். வேலையா, வேலை நேரமா, அங்கே உள்ள ஒரு நபரா, பொறுப்புக்கு ஏற்ற அதிகாரம் இல்லாததா, கற்றுக்கொள்ள இனி எதுவும் இல்லை என்பதா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காதவரை, மறுப்பதும் கடினம், நிபந்தனையுடன் ஒப்புக்கொள்வதும் கடினம்.

கோபமாகப் பேசும் வாடிக்கையாளர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்தபோது ஒரு குறிப்பிட்ட நாள் நினைவுக்கு வந்தது. ஒரே பெண்மணி அன்று 4 முறை அழைத்தார். 4 முறையும் அழைப்பு எனக்கே வந்தது. அவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அதிகாரம் என்னிடம் இல்லை. திரையில் இருந்த “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்ற வரியை 4 முறையும் படித்தேன். நான்காம் முறை அவர் கோபப்படவில்லை. “சரிங்க, உங்களால் என்ன செய்ய முடியும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்னைச் சோர்வடையச் செய்தது அவர் அல்லர், அந்த வரிதான் என்பது அப்போதுதான் விளங்கியது.

ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: வேலையின் பளு மட்டும் மனிதரை நசுக்குவதில்லை, பளு மிகுந்து, தாமாக முடிவெடுக்கும் இடம் குறைந்திருக்கும்போதுதான் மன அழுத்தம் கூடுகிறது. உங்கள் காரணம் இந்த வகையைச் சேர்ந்தது என்றால், அதை மேலாளரிடம் தயங்காமல் சொல்லலாம், ஏனெனில் அது உங்கள் விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சாக இல்லாமல் வேலையின் அமைப்பைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

இத்தனை பேர் இருக்கும்போது என்னையே ஏன் கேட்கிறார்கள்?

இருக்கை காலியாக இருக்கிறது, உங்களுக்கு அந்த வேலை தெரியும் என்பதால்தான். புதியவரைத் தேடி எடுத்துப் பழக்குவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். உங்களை அழைத்தால் திங்கட்கிழமையே வேலை நடக்கும். “உன்னைப் போல் யாராலும் செய்ய முடியாது” என்ற பாராட்டு உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அந்தப் பாராட்டு நீங்கள் அந்த இருக்கையில் இருந்த காலத்தில் எத்தனை முறை வந்தது என்று நினைத்துப் பாருங்கள். காலியிடம் அவர்களுடைய உண்மையான சிக்கல், அதை மதிக்க வேண்டும். அதற்கு ஒரே தீர்வு நீங்கள்தான் என்பது அவர்களுக்கு வசதியான ஒரு முடிவு, அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நான் இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லாமே இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதிலிருந்துதான் வருகின்றன.

“மூன்று மாதம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். நம்பலாமா?

எனக்குச் சொல்லப்பட்ட 3 மாதங்கள் 14 மாதங்களாயின. யாரும் என்னை ஏமாற்றத் திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. நான் போய் உட்கார்ந்ததும் வேலை தடையில்லாமல் நடந்தது. வேலை நடந்ததும் புதியவரை எடுக்கும் அவசரம் போய்விட்டது. அவசரம் போனதும் அதற்கான ஒப்புதல் கோப்பு யாருடைய மேசையிலோ தங்கிவிட்டது. தற்காலிகமாக வந்தவர் வேலையை நன்றாகச் செய்வதே அவர் நிரந்தரமாவதற்குக் காரணமாகிவிடுகிறது.

சிறியதற்கு இசைந்தவர் பெரியதற்கும் இசைய வாய்ப்பு அதிகம் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. ஜொனாதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வில், “கவனமாக ஓட்டுங்கள்” என்ற மிகப் பெரிய, அழகற்ற பலகையை வீட்டின் முன் நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே சம்மதித்தார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் அதே கருத்துள்ள சிறிய பலகை ஒன்றை வைக்க ஒப்புக்கொண்டிருந்தவர்களிலோ 76 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். “ஒரு வாரம் வந்து புதியவருக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்ற அழைப்பு அந்தச் சிறிய பலகைதான்.

எனவே மூன்று விவரங்கள் எழுத்தில் இல்லாமல் தற்காலிகப் பொறுப்பை ஏற்காதீர்கள்: எந்தத் தேதியில் முடிகிறது, உங்களுக்குப் பின் அந்த இடத்துக்கு வரப்போகிறவரை எடுக்கும் வேலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதுவரை உங்கள் இப்போதைய இருக்கை யாருக்கும் தரப்படாமல் இருக்குமா. மூன்றாவதைக் கேட்க நான் மறந்துவிட்டேன். 14 மாதங்கள் கழித்துத் திரும்பியபோது என் பழைய அறிக்கைகளை வேறொருவர் செய்துகொண்டிருந்தார். மீண்டும் என்னை நிலைநிறுத்திக்கொள்ள அரை ஆண்டு ஆயிற்று.

நேரில் கூப்பிட்டுக் கேட்கும்போது வாயடைத்துப் போகிறது. என்ன சொல்வது?

அந்த நொடியில் முடிவைச் சொல்லாமல் இருப்பதே போதும். “இது என் வேலையை மாற்றும் விஷயம் என்பதால், யோசித்துவிட்டு வியாழக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தருகிறேன்” என்று சொல்லுங்கள். நாளைக் குறிப்பிட்டுச் சொல்வது முக்கியம். “யோசிக்கிறேன்” என்று மட்டும் சொன்னால், பலர் அதைப் பாதி சம்மதமாக எடுத்துக்கொண்டு அன்று மாலையே மற்றவர்களிடம் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் முறை நான் அனுப்பிய மின்னஞ்சல் ஏறத்தாழ இப்படி இருந்தது: “புகார்ப் பிரிவில் ஆள் குறைவாக இருப்பதை அறிவேன். அந்தப் பொறுப்புக்கு நான் திரும்ப விரும்பவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாமல் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் இருக்கும் அமைப்பில் என்னால் நல்ல வேலை தர இயலவில்லை என்பதைக் கடந்த 14 மாதங்களில் உறுதியாக உணர்ந்தேன். புதியவருக்கு வாரம் 2 மணி நேரம், 6 வாரங்களுக்குப் பயிற்சி தரத் தயாராக இருக்கிறேன். அடிக்கடி வரும் 20 வகைப் புகார்களுக்கான செயல்முறைக் குறிப்பை இந்த மாத இறுதிக்குள் எழுதித் தருகிறேன்.” இதில் மன்னிப்பு எதையும் நான் கேட்கவில்லை, யாரையும் குறையும் கூறவில்லை. விரும்பவில்லை என்ற சொல் தெளிவாக இருக்கட்டும். “இப்போதைக்கு முடியாத நிலை” என்று மழுப்பினால், அடுத்த மாதம் அதே கேள்வி வரும்.

எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டால், நம்பவில்லை என்று மேலாளர் வருத்தப்பட மாட்டாரா?

அவரை எழுதித் தரச் சொல்ல வேண்டாம், நீங்களே எழுதிவிடுங்கள். பேசி முடித்த அன்றே, “இன்று நாம் பேசியதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன், தவறிருந்தால் திருத்தவும்” என்று நான்கு வரிகளில் அனுப்புங்கள். இது எந்த அலுவலகத்திலும் வழக்கமான நடைமுறை என்பதால் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள இடமில்லை. மறுப்பு வராவிட்டால் அதுவே பதிவாக நிற்கும்.

ஒருவர் விட்டால் இன்னொருவர் வந்து கேட்கிறார். ஒவ்வொருவரிடமும் புதிதாக விளக்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு முறை விளக்கும்போதும் புதிதாக ஒரு காரணம் நம் வாயில் வந்துவிடுகிறது. அந்தக் காரணத்தை அவர்கள் தீர்த்துவைத்தால், மறுக்க வழியில்லாமல் நிற்கிறோம். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லியிருந்தேன். மறுநாளே மற்றவர் வந்து, “உங்களுக்குக் காலை ஷிப்டே போட்டுவிடலாம்” என்றார். என் உண்மையான காரணம் அது இல்லவே இல்லை. அனுப்பிய மின்னஞ்சலைச் சுட்டிக்காட்டி, “என் பதிலை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், அதில் மாற்றமில்லை” என்று பணிவாகச் சொல்லுங்கள். இருவரும் இருக்கும்படி ஒரே கூட்டம் கேட்பதும் நல்லது.

நான் போகாவிட்டால் அந்தச் சுமை என் பழைய நண்பர்கள் மேல்தானே விழும்?

விழும். இதை மறுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. என்னை முதல் முறை இழுத்துக்கொண்டு போனதும் இதுதான். மேலாளரின் பேச்சு அல்ல, மதிய இடைவேளையைப் பாதியில் விட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஓடிய ஒரு தோழியின் முகம்தான்.

ஆனால் நான் போய் 14 மாதங்கள் உட்கார்ந்ததால் அவர்களுடைய சுமை குறைந்ததா என்று பார்த்தால், ஆள் எடுக்காமல் இருப்பதற்கு நான் ஒரு காரணமானேன் என்பதே நடந்தது. அவர்களுக்கு உதவ வேறு வழிகள் இருக்கின்றன. மேலே சொன்ன பயிற்சி, செயல்முறைக் குறிப்பு ஆகியவற்றோடு, எத்தனை பேர் குறைகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை அழைப்புகள் எடுக்கப்படாமல் போகின்றன என்பதை அந்தப் பிரிவினர் சேர்ந்து எழுதி மேலிடத்துக்கு அனுப்ப நீங்கள் துணைநிற்கலாம். அறிக்கை தயாரிக்கத் தெரிந்தவன் என்பதால் எண்களைத் தொகுத்துக்கொடுத்தேன். ஆள் எடுக்க ஒப்புதல் வந்தது அதற்குப் பிறகுதான்.

சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், பதவி உயர்வும் உண்டு என்கிறார்கள். ஏற்கலாமா?

நீங்கள் அந்த வேலையை விட்டதற்குக் காரணம் சம்பளமாக இருந்தால், தயங்காமல் பேசுங்கள். வேறு காரணம் என்றால், கூடுதல் சம்பளம் முதல் சில மாதங்களுக்கு மட்டுமே மகிழ்ச்சி தரும். அதன்பின் அந்தத் தொகை வீட்டுச் செலவில் கலந்துவிடும், வேலை மட்டும் அப்படியே இருக்கும். பதவி உயர்விலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெயர் மாறி வேலை மாறாவிட்டால், இனிமேல் அந்தப் பொறுப்பை விட்டு வெளியேறுவது பதவி இறக்கமாகக் கணக்கிடப்படும். ஆகவே புதிய பெயரைக் காட்டிலும் புதிய பொறுப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

மறுத்தால் அப்ரைசலில் கை வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் வீணானது அல்ல, சிலருக்கு நடந்திருக்கிறது. அதனால்தான் எழுத்துப் பதிவை இவ்வளவு வற்புறுத்துகிறேன். மறுப்பதற்கு முன் உங்கள் வேலையைப் பற்றி வந்த மதிப்பீடுகள், பாராட்டு மின்னஞ்சல்கள் ஆகியவற்றை, நிறுவனத்தின் ரகசியத் தகவல் எதுவும் கலக்காமல், தேதியோடு குறித்துவையுங்கள். மறுத்த பின் திடீரென்று மதிப்பெண் சரிந்தால், இடையில் உங்கள் வேலையில் என்ன குறைந்தது என்று கேட்க அந்தக் குறிப்பு உதவும். முதலில் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அதனிடம் செல்லத் தயங்காதீர்கள்.

திரும்பத் திரும்பக் கேட்பது மட்டுமே துன்புறுத்தல் ஆகிவிடாது. கேட்பதோடு மிரட்டலும், எல்லோர் முன்னிலையிலும் இழிவாகப் பேசுவதும், வேண்டுமென்றே வேலை தராமல் உட்கார வைப்பதும் சேரும்போது நிலைமை மாறுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட 190ஆம் உடன்படிக்கை, உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் பொருளாதாரத்துக்கும் தீங்கு செய்யும் நடத்தைகளையும், அவற்றைச் செய்வதாக மிரட்டுவதையும், ஒரே முறை நடந்தாலும் பணியிட வன்முறை, துன்புறுத்தல் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும். ஆயினும் உங்களுக்கு நடப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள அந்த வரையறை எங்கிருந்தாலும் பயன்படும்.

அந்த வேலையை நினைத்தாலே தூக்கம் போகிறது. உடல்நலத்தைக் காரணம் காட்டலாமா?

உண்மையாக இருந்தால் காட்டலாம், காட்டவும் வேண்டும். வேலைச் சோர்வு உலகச் சுகாதார அமைப்பின் 11ஆம் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றிருக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செயல்திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். ஆனால் அதை ஒரு நோயாக அந்த வகைப்பாடு குறிப்பிடவில்லை. பணி சார்ந்த நிகழ்வாகவே குறிப்பிடுகிறது. எனவே “எனக்கு வேலைச் சோர்வு” என்று நீங்களே எழுதுவதைவிட, மருத்துவரிடம் சென்று, தூக்கமின்மை, படபடப்பு என்று அவர் காண்பதை அவர் எழுதித் தரச் செய்யுங்கள். மருந்துச்சீட்டு கிடைக்கிறதோ இல்லையோ, தூக்கம் போகும் அளவுக்கு வந்துவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதை மேலாளரின் முடிவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

இல்லாத நோயைச் சொல்லாதீர்கள். பள்ளிக் காரணம் சொல்லி நான் மாட்டிக்கொண்டதை மேலே படித்திருப்பீர்கள்; இது அதைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கடைசியில் உத்தரவே போட்டுவிட்டார்கள். போகாமல் இருந்துவிட்டால்?

போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உத்தரவு தவறானதாகவே இருந்தாலும், வேலைக்கு வராதது உங்கள் தவறாகப் பதிவாகி, பேச்சின் பொருளே மாறிவிடும். பல நாடுகளில் வழக்கறிஞர்கள் சொல்லும் வழி, ஆட்சேபத்துடன் பணியேற்பது. “இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை; என் ஆட்சேபத்தைப் பதிவுசெய்து, அது பரிசீலிக்கப்படும்வரை பணியாற்றுகிறேன்” என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். ஒன்றும் எழுதாமல் சில மாதங்கள் வேலை செய்தால், மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படலாம்.

ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், நிறுவனம் ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறியதால் ஊழியர் விலக நேர்ந்தால், அதை ராஜினாமாவாகக் கொள்ளாமல் பணிநீக்கமாகவே கொள்ளும் கோட்பாடு ஒன்று உண்டு. அதை நிறுவுவது எளிதன்று. தாமதித்தாலும் வாய்ப்புக் குறைந்துவிடும். எனவே விலகிய பின் வழக்கறிஞரைத் தேடாமல், விலகுவதற்கு முன் பாருங்கள்.

அப்படியானால் ராஜினாமா செய்துவிடுவதே நிம்மதி இல்லையா?

சில நேரங்களில் அதுவே சரி. ஆனால் கூட்டம் முடிந்த சூட்டில் எழுதாதீர்கள். வேறு வேலை கையில் இருக்கிறதா, அறிவிப்புக் காலம் எவ்வளவு, எத்தனை மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகும் அதே முடிவு நின்றால், விலகுவதில் எந்தத் தவறும் இல்லை.

பேச்சுவாக்கில் சரி என்று சொல்லிவிட்டேன். இனிமேல் பின்வாங்கலாமா?

இன்றே என்றால் எளிது, நாளை என்றால் சற்றுக் கடினம், மாற்ற ஆணை வந்த பிறகு மிகக் கடினம். “நேற்று அவசரத்தில் சொன்ன பதிலை மாற்றிக்கொள்கிறேன், உங்கள் திட்டம் பாதிக்கப்படக்கூடாது என்பதால் உடனே தெரிவிக்கிறேன்” என்று எழுதுங்கள். மேலாளருக்குக் கோபம் வரும், அது நியாயமும்கூட. அந்தக் கோபம் சில வாரங்களில் ஆறிவிடும்.

எல்லாவற்றையும் யோசித்த பிறகு, திரும்பிப் போகலாம் என்றே தோன்றுகிறது. இது என் தோல்வியா?

இல்லை. நெருக்கடிக்குப் பணிந்து போவதும், யோசித்து முடிவெடுத்துப் போவதும் ஒன்றல்ல. பிடிக்காமல் போனதற்கு இரண்டாம் கேள்வியில் கண்டறிந்த காரணம் இப்போது மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாறாமல், சலுகைகள் மட்டும் கூடியிருந்தால், நீங்கள் விட்டுவந்த அதே நாளுக்குத்தான் திரும்பிச் செல்கிறீர்கள்.

நான் மறுத்த இடத்துக்கு என் சக ஊழியர் ஒருவர் விரும்பியே சென்றார். போவதற்கு முன், ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை பணத்தைத் திருப்பித் தரும் முடிவை அழைப்பை எடுப்பவரே செய்யலாம் என்ற விதியை எழுத்தில் வாங்கிக்கொண்டார். அதற்கு 5 வாரங்கள் பேச வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறார். நான் 4 முறை படித்த அந்த வரியை, வரம்புக்கு மேற்பட்ட புகார்களுக்கு மட்டும் எப்போதாவது படிப்பதாகச் சொன்னார்.